முட்டைப் பதிவேடு

பதிவேட்டில் நாற்பத்து மூன்று பேர்.
நாற்பத்து மூன்று முட்டை.
ஒவ்வொன்றின் ஓட்டிலும் நீல மையில் அரசு முத்திரை,
கடைக்குப் போய்விடக் கூடாதென்று.
உரித்த பிறகு எல்லா முட்டையும் ஒன்றுதான்.
உரிப்பதற்கு முன்னால்தான் கணக்கு.

புதுவயல் சாலைச் செங்கல் சூளையிலிருந்து
தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு
ஒருவன் வந்து கைப்பம்பு ஓரமாக நிற்பான்.
பிள்ளைகள் தட்டுக் கழுவும்போது
பம்பு அடித்துக் கொடுப்பான்.
யாரும் கேட்கவில்லை,
அவனாக எடுத்துக்கொண்ட வேலை.

பெயர் கேட்டோம்.
தபன் மாஜி.
தலைமையாசிரியை சிரித்துவிட்டார்:
எட்டு வயதிலேயே மாஜியா,
எந்தத் துறைக்கப்பா நீ மந்திரி?
அவனும் சிரித்தான்,
பாஷை தெரியாதவர்கள் சிரிப்பதுபோல
கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் அதிகமாக.

சோறு போட்டேன். சோற்றை யாரும் எண்ணுவதில்லை.
சாம்பாரையும்.
முட்டையை எண்ணுவார்கள்.
பதினான்கு வருஷமாக எண்ணிக் கொடுக்கிறேன்,
ஒன்று குறைந்தால் விளக்கக் கடிதம்.

முகாம் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் ஆறு பேர்.
மாதத்தில் ஒரு நாள் அங்கே தலை எண்ணுவார்கள்.
ஒரு ஜீப், ஒரு மேசை, ஒரு போலீஸ்காரர்.
ஆள் வந்து நின்றால் உதவித்தொகை.
நிதர்சன் பிறந்தது காரைக்குடி ஆஸ்பத்திரி.
அவன் அம்மா பிறந்தது மண்டபம் முகாம்.
பேச்சு மட்டும் இன்னும் படகைவிட்டு இறங்கவில்லை:
"நாளைக்குச் செக்கிங் அன்ரி, நான் வரமாட்டன்.
என்ர முட்டைய அவனுக்குக் குடுங்கோ."

வராத பிள்ளைக்கு முட்டை கிடையாது.
அதனால் வந்தான் என்று எழுதினேன்.

அன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்கு
நிதர்சன் அரசாங்கத்தின் இரண்டு ஏடுகளில் இருந்தான்,
எந்த நாட்டின் ஏட்டிலும் இல்லாத பிள்ளை.
தபன் மஞ்சள் கருவைத் தங்கைக்கு ஊட்டிவிட்டு
முத்திரை இருந்த ஓட்டுத் துண்டை மட்டும்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் வண்டியில் போகும்போது
வழியில் எண்பது சன்னல் சாத்திய வீடு.
நாற்பத்திரண்டில் பர்மாவிலிருந்து
நடந்தே வந்தவர்கள் வீடு அது.
அவர்களையும் எங்காவது ஓரிடத்தில்
வரிசையில் நிறுத்தி எண்ணித்தான் இருப்பார்கள்.
யாராவது ஒருவர் கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பார்.

மாசி மாதம் தலைமையாசிரியை பீரோவைக் குடைந்து
ஒரு சுற்றறிக்கையை எடுத்தார்.
எந்தச் சான்றும் இல்லாவிட்டாலும்
பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாமாம்.
எப்போதோ வந்தது.
உலக உருண்டைக்கு அடியில்
ஆடாமல் இருக்க மடித்து வைத்திருந்தோம்.

நாற்பத்து நான்கு.
அ எழுதினான். ஆவின் சுழியை
எதிர்ப்பக்கமாகச் சுழித்தான், திருத்தவில்லை நான்.
முகாமில் பழைய ஓட்டு வரிசையை இடித்து
அரசு புது வீடு கட்டத் தொடங்கியிருந்தது.
லாரியில் வந்த கல் தபனின் அப்பா அறுத்தது.
நிதர்சன் அதைச் சொன்னபோது
தபன் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து
தலையாட்டினான், மேஸ்திரி மாதிரி.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது
சூளை அணைந்திருந்தது.
எந்த ரயில், எந்த ஊர், அடுத்து எந்தச் சூளை,
கேட்கப் போனவளுக்குச் சாம்பல்தான் இருந்தது.

ஆடியில் ஆய்வுக்கு வந்த அதிகாரி
பெயர்களின் மேல் பேனாவை ஓட்டிக்கொண்டே வந்தார்.
நாற்பத்து நாலில் நின்றது.
"தபன், மாஜி...
போய்விட்டவன்தானே? சரி,
நீங்களே எழுதியிருக்கிறீர்கள்"
என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அது வீட்டுப் பெயர் சார் என்று
சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கும் நாற்பத்து நான்கு முட்டை வந்தது.
மிஞ்சிய ஒன்றை என்ன செய்தேன் என்று
இதிலும் எழுதப்போவதில்லை.